சான்றை மறைத்தவன் சான்று கேட்பதா?

அணுவுலைக்கும் அணுக்குண்டுக்கும் வேண்டிய கூற்றைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கழிவே செறிவு குறைந்த யுரேனியம். ஈயத்தினும் ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியுடைய இதனைக் குண்டின் முனையாக்கினால், போரூர்தியின் தடித்த இரும்பையும் துளைத்து உட்புகும். புகுந்ததும் தீப்பற்றி நுண்டூளாகி மண்ணிற் படியும். அத்தூள் மூச்சுவழி நுரையீரலில் தங்கும். குருதியிற் கலப்பின் சிறுநீரகத்தைத் தாக்கும். அதன் கதிரியக்கம் அரையளவாகக் குறையவே ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகும். போர் ஓயும், நஞ்சு ஓயாது.

1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் ஏறத்தாழ 300 தொன் செறிவு குறைந்த யுரேனியம் ஈராக்கு, குவைத்து மண்ணிற் கொட்டப்பட்டது. 1999-இல் கொசோவோவில் நேட்டோ படை ஏறத்தாழ 31,000 குண்டுகளைச் சுட்டது. 2003-இல் ஈராக்கு மண் மீண்டும் அந்நஞ்சை ஏற்றது. 2023-இல் பிரித்தானியமும் அமெரிக்காவும் இக்குண்டுகளை உக்ரைனுக்கு வழங்க முன்வந்தன.

கேட்டால், “தீங்கு மெய்ப்பிக்கப்படவில்லை” என்கின்றனர். பொதுமக்களுக்குப் பெருங்கேடு காணப்படவில்லை என்று கூறும் ஆய்வுகள் உள்ளமை உண்மையே. ஆயின், எங்குச் சுட்டோம், எவ்வளவு சுட்டோம் என்று சுட்டவன் வாய்திறவாதபோது, ஆய்வாளன் எந்த மண்ணைத் தோண்டுவான்? எவ்வூர்க் கிணற்றை ஆய்வான்? கொசோவோவில் சுட்ட இடங்களின் விளத்தம் போர் முடிந்து ஓராண்டு கடந்த பின்னரே ஆய்வாளர் கைக்குக் கிட்டிற்று. 2010-இல் ஒன்றிய நாடுகளின் பொது அவை, பயன்படுத்திய இடங்களையும் அளவையும் கேட்கும் நாட்டிற்குத் தெரிவிக்குமாறு வேண்டியது. 148 நாடுகள் அதனை ஏற்றன. எதிர்த்தவை நான்கே: அமெரிக்கா, பிரித்தானியம், பிரான்சு, இசுரேல். தீங்கில்லை என்று உறுதியாக நம்புவோர்க்கு, இடத்தைச் சொல்வதில் என்ன தயக்கம்?

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். இக்குண்டு துளைத்த ஊர்தியை மூச்சுக்காப்பின்றி அணுகலாகாது என்று அமெரிக்கப் படை தன் படைஞர்க்குக் கட்டளையிட்டுள்ளது. அதே ஊர்தியின் மேலேறி விளையாடும் ஈராக்கிச் சிறுவனுக்கு மூச்சுக்காப்பு யார் கொடுத்தார்? தன் மகனுக்கு நஞ்சாவது பிறன் மகனுக்கு வெறுந்தூசி ஆகுமா?

ஐயமுள்ள இடத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பு நஞ்சிட்டவனையே சாரும், நஞ்சுண்டவனைச் சாராது. இதுவே அறம். 2007-இல் இக்குண்டுகளுக்குத் தடைச்சட்டம் இயற்றிய பெல்சியம் சிறிய நாடு; அது காட்டிய வழியோ பெரிது. சுட்ட இடங்களை வெளியிடுக! மண்ணைத் தூய்மை செய்க! இக்கொடுங்கருவியை உலகினின்று ஒழித்திடுக!