சஸ்பென்ஷன் சஸ்பென்ஸ்!

பெருங்களத்தூரில் ராத்திரி பத்து மணிக்கு, "திருச்சி, மதுரை... ஏர் பஸ் ஸார், ஏர் பஸ்!" என்று கூவுகிற குரலைக் கேட்டிருப்பீர்கள். முதல் தடவை கேட்டபோது என் பெரியப்பா, "ஏன்டா, மீனம்பாக்கத்தைத் தாண்டி வந்துட்டோமே?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஏர் பஸ் என்பது பறக்கிற பஸ் அல்ல. அடியில் இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகளின் மேல் உட்கார்ந்திருக்கிற பஸ். மேடு பள்ளத்தில் நம் இடுப்பெலும்பு இடம் மாறாமல் ஊர் போய்ச் சேருவது அந்தப் பைகளின் புண்ணியம்.

இந்தக் காற்றுப் பை போன மாசம் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. என் சகலைக்கு முடிச்சூர் பக்கம் கட்டட கான்ட்ராக்ட். ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். அதில் சிமென்ட் மூட்டை, கம்பி, சாரக்கட்டை. அதற்கும் பின்னால் கொக்கி மாட்டிக் கலவை மெஷின். இத்தனையையும் இழுத்துக்கொண்டு அது போகிற கோலத்தைப் பார்க்க வேண்டுமே! தோப்புக்கரணம் போட உட்கார்ந்து, பாதியில் எழுந்திருக்க முடியாமல் போன ஆசாமி மாதிரி, பின்பக்கம் தரையோடு தரையாக, மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்தபடி. ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழாது. எதிரே வருகிறவன் கண்ணில் விழும். மீதி, வேப்பமரத்தில் தூங்குகிற காக்கை மேல்.

காரணம் ஸீஸா பலகைதான். கொக்கி, பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே நூறு கிலோ அழுத்தினால் பின் ஆக்ஸிலில் நூறுக்கு மேலேயே ஏறும். அந்த உபரி, முன் சக்கரத்திலிருந்து திருடியது. முன் சக்கரம் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. "பாத்தீங்களா சகலை, லோடு ஏத்தினா ஸ்டீயரிங் பூ மாதிரி திரும்புது!" என்று இவர் பெருமை வேறு பட்டுக்கொள்வார்.

யாரோ காற்றுப் பை மாட்டச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் போனோம். (எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பில்லில் கூட்டல் சரிபார்க்க பி.காம். படித்த ஆள் வேண்டாமா?) விலையைச் சொன்னதும் சகலை சற்று நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை என்னவோ அரை நாள்தான். பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றுவதில்லை. அவை பாட்டுக்கு இருக்க, ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய், நம்பர் பிளேட் அருகே ஒரு வால்வு. நம் டயரில் இருக்கிற அதே வால்வுதான். பஞ்சர் கடையிலேயே காற்றடித்துக்கொள்ளலாம்.

"ரெண்டுக்கும் ஒரே குழாய் போட்டா காசு மிச்சமாச்சே பாய்?" என்றார் சகலை.

"மிச்சம்தான். வளைவுல திரும்புறப்ப அழுந்துற பக்கத்துக் காத்து அந்தப் பக்கம் ஓடிடும். வண்டி இன்னும் சாஞ்சுக்கும். பரவால்லையா?"

சகலை பரவாயில்லை என்று சொல்லவில்லை.

சைலன்ஸர் சூடு பையில் படாமல் தள்ளி வைத்தார் பாய். டயரில் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார். சோப்புத் தண்ணீர் தெளித்து நுரை வருகிறதா என்று தேடினார். காலி வண்டியிலும் கொஞ்சம் காற்று இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பை மடிந்து கிழிந்துபோகும். கடைசியில் லோடோடு நிறுத்திக் காற்றடித்ததும், தோப்புக்கரண ஆசாமி மெல்ல எழுந்து நேராக நின்றார். எனக்கே கை தட்டத் தோன்றியது.

"சபாஷ்! இனிமே இன்னும் பத்து மூட்டை போடலாம்" என்றார் சகலை.

எனக்குப் பகீரென்றது. பத்து மூட்டை என்றால் அரை டன்! அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' தெரிந்திருக்கும். டிரயல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையா? வித்தியாசத்தை அதில் தள்ளு. உடனே டாலி ஆகிவிடும். தப்பு மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கும். சகலை வண்டிக்குப் போட்டது அந்த அக்கவுண்ட்தான். நிமிர்ந்தது வண்டி. பாரம் ஒரு கிராம் குறையவில்லை. ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையதே. ஆர்.சி. புக்கில் இருக்கிற எடையும் பழையதே.

அதைவிட விவகாரமானது ஒன்றைப் பாய் வண்டிக்கு அடியில் காட்டினார். பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் 'லோடு இருக்கிறது' என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும். உயர்ந்தால், வண்டி காலி என்று குறைத்துவிடும். பை வண்டியைத் தூக்கிவிட்டதால், அது முழு லோடையும் காலி வண்டி என்று நம்புகிறது! பை மாட்டினால் இந்த வால்வையும் திருத்தி அமைக்க வேண்டும். பாதிப் பேர் கேட்பதில்லையாம்.

இங்கே ரயில்காரர்களைப் பாராட்ட வேண்டும். 2025 ஏப்ரலில் பீச் - செங்கல்பட்டு பாதையில் ஓடத் தொடங்கிய ஏ.சி. லோக்கலும் காற்றுப் பைகள் மேல்தான் ஓடுகிறது. தாம்பரத்தில் எத்தனை பேர் முண்டியடித்து ஏறினாலும் தரை பெரிதாகத் தாழாமல் பைகள் பார்த்துக்கொள்ளும். இந்த மாதிரிப் புது ரக ரயில்களில், பையின் காற்றழுத்தமே கூட்டம் எவ்வளவு என்று பிரேக்குக்குச் சொல்லிவிடும். ரயிலில் பை உண்மை பேசுகிறது. பிக்கப்பில் பொய் சொல்கிறது. பையைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, மாட்டுகிற விதம் அப்படி.

நான் சட்டத்தையும் எடுத்துவிட்டேன். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். உபரி டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. சகலை அசரவில்லை. "நம்ம வண்டிதான் இப்ப நேரா நிக்குதே, யாருக்குத் தெரியும்?"

பாய் ஒன்றும் பேசாமல் எங்களை எடை மேடைக்குக் கூட்டிப்போனார். ஆர்.சி. புக்கில் உள்ளதைவிட 640 கிலோ அதிகம் என்றது சீட்டு. அதுவரை வாயைத் திறக்காத டிரைவர் பையன் அப்போதுதான் சொன்னான்:

"அதான் ஸார், பாலத்துல இறங்குறப்ப பிரேக்ல கால் வெச்சா வண்டி ரொம்ப நேரம் யோசிக்குது."

"ஏன்டா, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே ஸார். வண்டியைக் குறை சொல்லாதேன்னீங்க."

சகலை சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிரேக் வால்வைத் திருத்த அங்கேயே வண்டியை விட்டோம். இப்போது சிமென்ட் ஒரு நடை, கலவை மெஷின் தனியாக ஒரு நடை. டீசல் இரண்டு மடங்கு என்று தினமும் போன் பண்ணிப் புலம்புகிறார். அந்தக் கணக்கையும் நான்தான் எழுத வேண்டுமாம்.