கழிவுநீர்க் குழாயும் மொழிக் கொள்கைதான்

அயர்லாந்தின் பிரதமருக்கும், வீட்டுவசதி அமைச்சருக்கும், கால்வே கவுன்சில் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கால்வேயில் குடியிருந்து வரி கட்டுகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். விஷயம், கான்னெமராவின் தென்கரையில் இருக்கும் அன் கெஹ்ரூ ருவா. ஆங்கிலத்தில் கராரோ என்பார்கள். பால் வாங்குவது, பூசை கேட்பது, படகுப் பந்தயத்தில் தோற்றவனைக் கேலி செய்வது எல்லாம் ஐரிஷிலேயே நடக்கிற ஊர்.

உங்கள் 1937 அரசியல் சாசனத்தில் ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. 2022 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேருக்கு மேல் தங்களுக்கு ஐரிஷ் பேச வரும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுகிறவர்களோ 72 ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களிலும் கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் வட்டாரங்களில் வாழ்கிறவர்கள் 20,261 பேர்தான்.

கோடையில் இந்த ஊர் வீடு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். ஐரிஷ் படிக்க வந்த நகரத்துப் பிள்ளைகள் அடுக்குக் கட்டில்களில் தங்கியிருப்பார்கள். வீட்டம்மா உருளைக்கிழங்கை வடித்தபடியே அவர்கள் பேச்சைத் திருத்திக்கொண்டிருப்பார். ஊரார் பிள்ளைகளுக்கு அவர் மொழி ஊட்ட, அவருடைய மகளோ கால்வே நகரத்தில் வாடகைக்கு இருப்பாள். பேரன் ஆங்கிலக் காப்பகத்தில் வளர்வான். மகளுக்கு ஊர் கசந்துவிடவில்லை. தாத்தா நிலம் கூட இருக்கும். கட்டத்தான் அனுமதி கிடைக்காது.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கருங்கல் பாறை, மேலே மெல்லியதாய்ச் சதுப்பு மண். செப்டிக் டேங்க் நீரை அது உறிஞ்சாது. மண் சோதனையில் தோற்றால் விண்ணப்பமும் தோற்றது. சரி, பொதுச் சாக்கடையில் இணைக்கலாம் என்றால், அந்தச் சாக்கடையே சுத்திகரிப்பு இல்லாமல் கடலில் கலப்பதாகப் பல ஆண்டுகள் உங்கள் சுற்றுச்சூழல் முகமையின் பட்டியலில் இருந்த ஊர் இது. பவளம் போன்ற கடற்பாசி நொறுங்கி மணலாய்க் கிடக்கும் ட்ரா அன் டோலீன் கடற்கரையும் இதே ஊரில்தான். சுற்றுலாக் கையேடுகள் கடற்கரையை மட்டும் காட்டும்.

மொழிக்கு நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2012 சட்டப்படி வட்டாரத்துக்கு வட்டாரம் மொழித் திட்டம் போட்டீர்கள். அதற்கு அலுவலர்களும் இருக்கிறார்கள். பாவம், அவர்கள் வகுப்பு நடத்தலாம், விழா எடுக்கலாம். ஒரு செங்கல் வைக்க அதிகாரம் கிடையாது. புதுக் குடியிருப்புகளுக்கு மொழி நிபந்தனை விதிக்கிறீர்கள், நல்லது. ஏற்கெனவே நிற்கிற வீடு விலைக்கு வந்தால் பணம் உள்ளவர் வாங்குகிறார். கோடையில் வருவார், மற்ற மாதங்களில் அங்கே விளக்கு எரியாது. 2030க்குள் அரசுப் பணியில் புதிதாய்ச் சேர்வோரில் 20 சதவீதம் பேர் ஐரிஷ் அறிந்திருக்க வேண்டும் என்று 2021இல் சட்டமும் செய்தீர்கள். அந்த ஆட்கள் எந்த வீட்டில் பிறந்து வளரப்போகிறார்கள்?

1880 ஜனவரியில் குடியானவர்களை வெளியேற்றும் நோட்டீஸோடு போலீஸ் பாதுகாப்போடு ஆள் வந்தபோது, இதே ஊர்ப் பெண்கள் முன்னால் நின்று மறித்தார்கள். இப்போது மறிக்க யாரும் எதிரே வருவதில்லை. அனுமதி மறுப்பு தபாலில் வருகிறது.

சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தேதி சொல்லுங்கள். தள்ளிப்போனால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வட்டார வளர்ச்சிக்கென 1980இல் அமைத்த ஊதாராஸ் நா கேல்டாக்டாவிடம் தொழிற்பேட்டைக்கு நிலம் இருக்கிறது. அதில் ஒரு பகுதியில் கவுன்சில் வீடு கட்டி, ஐரிஷில் குடும்பம் நடத்துகிற இளம் தம்பதிகளுக்கு வாடகைக்கு விடட்டும். விண்ணப்பத்தை மறுக்கிற அதிகாரி, எந்த இடத்தில் எப்படிக் கட்டினால் அனுமதிப்பார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதட்டும். பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அன் கெஹ்ரூ ருவாவுக்குப் போய் ஒரு கூட்டம் போட்டு, அவர்கள் மொழியில் சொல்லுங்கள். துணைக்கேள்விகளுக்கும் தயாராகப் போங்கள்.