பாதி வரி அவர், பாதி வரி அவள்

வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். காப்பி கொடுத்தாகிறது. உங்கள் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, எப்போதோ ரயில் பிரயாணத்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல ஆரம்பிக்கிறார். "அன்றைக்கு வியாழக்கிழமை..." என்கிறார். "வியாழன் இல்லை, வெள்ளி!" என்று சமையலறையிலிருந்தே நீங்கள் திருத்துகிறீர்கள். பெட்டி மாறிப்போன கட்டம் வந்ததும் உங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்துவிடுகிறீர்கள். மீதிக் கதையை நீங்களே சொல்லி முடிக்கிறீர்கள். விருந்தாளி விழுந்து விழுந்து சிரிக்கிறார். கிளம்பும்போது வாசலில் நின்று அவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார், தெரியுமா?

"சார் ரொம்ப நன்றாகக் கதை சொல்கிறார்!"

சிரிக்கிறீர்கள், இல்லையா? இந்தச் சின்ன அநியாயம் நம் வீட்டுக் கூடத்தோடு நின்றுவிடுகிற சமாசாரம் அல்ல. அச்சில் ஏறிய கதைகளிலும் இது நடந்திருக்கிறது. அப்படி ஒரு தம்பதியைப் பற்றி இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்று ஒரு நகரம். 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த நாட்டை வியாபார மந்தம் பிடித்து ஆட்டியது. கம்பெனிகள் மூடின, நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்களெல்லாம் தெருவில் நின்றார்கள். காதரின் மூர் என்ற பெண் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு பாங்கியில் காரியதரிசி வேலைக்குப் போனாள். பகலெல்லாம் பாங்கிக் கடிதங்களை டைப் அடித்த அந்த விரல்கள், செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் ஒரு விசித்திரமான கதையையும் அடித்தன. 'ஷாம்ப்லோ' என்ற அந்தக் கதை 1933-ல் 'வியர்ட் டேல்ஸ்' என்ற பத்திரிகையில் வெளியாயிற்று. சன்மானம் 100 டாலர். அவளுக்கு அப்போது வயது 22.

கதையின் கீழே அச்சான பெயர் 'சி. எல். மூர்'. பெண் எழுதியது என்று தெரிந்தால் மதிப்பு இருக்காது என்று பயந்துதான் இப்படிப் பெயரைச் சுருக்கிக்கொண்டாள் என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். உண்மை அதுவல்ல. "உனக்குத்தான் வேறு வருமானம் வருகிறதே அம்மா, இந்த வேலை எதற்கு?" என்று பாங்கியில் சீட்டைக் கிழித்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். பிற்காலத்தில் அவளே சொன்ன விஷயம் இது. நாலு காசு வரும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பெண்கள் எதையெல்லாம் மறைக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

அந்தச் சுருக்கப் பெயரால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1936-ல் ஹென்றி கட்னர் என்ற இளைஞர், தாமும் அதே மாதிரிக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர், தம் மதிப்புக்குரிய எழுத்தாளருக்கு ஓர் அபிமானக் கடிதம் போட்டார். 'மிஸ்டர் மூர் அவர்களுக்கு' என்று! பதில் வந்த பிறகுதான் மிஸ்டர் அல்ல, மிஸ் என்று தெரிந்தது. கடிதங்கள் போயின, வந்தன. நேரில் பேசிப் பழகுவதற்கு வசதியில்லாத தூரத்தில் இருந்துகொண்டே, தபாலில் தாள்களை அனுப்பி இருவரும் சேர்ந்து ஒரு கதை எழுதினார்கள். அது 1937-ல் பிரசுரமாயிற்று. 1940-ல் நியூயார்க்கில் கல்யாணம். கதைதான் முதலில், கல்யாணம் அப்புறம்!

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததுதான் ஆச்சரியம். கட்னர் டைப்ரைட்டரின் முன் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருப்பார். களைப்பு வந்தால் எழுந்துவிடுவார். பத்தியை முடித்துவிட்டா? அதெல்லாம் இல்லை. சில சமயம் வாக்கியமே பாதியில் நிற்கும். தாள் இயந்திரத்திலேயே இருக்கும். காதரின் வந்து உட்கார்ந்து, விட்ட சொல்லிலிருந்து தொடருவாள். அவள் எழுந்தால் மறுபடி அவர். கதை முடிந்த பிறகு எந்த வரி யாருடையது என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை என்று, அவர்களை நன்கு அறிந்த சக எழுத்தாளர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார்.

இது எப்படிச் சாத்தியம்? கூட்டாகச் சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் உப்புப் போட்டதை அறியாமல் மற்றவரும் போட்டுவிட்டால் பண்டம் பாழ். கதையின் போக்கை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொண்டால்தான் பாதி வரியில் எழுந்து போக முடியும். அதைவிட முக்கியம், 'என் வாக்கியத்தை மாற்றிவிட்டாயே' என்ற கோபம் இல்லாமல் இருப்பது. கட்னருக்கு வேகமும் கேலியும் கைவந்தவை; காதரினுக்கு உணர்ச்சியும் சூழ்நிலையும். பல வருஷங்களுக்குப் பிறகு தங்கள் எழுத்தைத் தானே திரும்பிப் பார்த்து அவள் ஒன்று சொன்னாள். அதிகாரம் ஆபத்தானது, அதற்குப் பணியமாட்டேன் என்பது கணவருடைய கதைகளின் அடிநாதம். வாழ்க்கையில் அன்பைப் போல் ஏமாற்றுவது வேறொன்றில்லை என்பது தன்னுடையது என்றாள். இந்த இரண்டும் ஒரே தாளில் சேர்ந்தபோது மூன்றாவதாக ஓர் எழுத்தாளர் பிறந்தார் என்றே சொல்லவேண்டும்.

அந்த மூன்றாவது ஆளுக்குப் பெயர் வேண்டாமா? ஒன்றல்ல, ஒரு டஜனுக்கு மேல் வைத்தார்கள்! அவற்றுள் புகழ் பெற்றவை 'லூயிஸ் பாட்ஜெட்', 'லாரன்ஸ் ஓ'டானல்' என்ற இரண்டு. எதிர்காலத்திலிருந்து வந்துவிழுந்த விளையாட்டுச் சாமான்களோடு விளையாடிய குழந்தைகள், பெற்றோருக்கு எட்டாத வேறோர் உலகத்துக்கே போய்விடும் கதை 1943-ல் பாட்ஜெட் பெயரில் வந்தது. 2007-ல் அதைத் தழுவி ஒரு சினிமாவும் எடுத்தார்கள். பெரும் விபத்து ஒன்றை வேடிக்கை பார்ப்பதற்காகவே எதிர்காலத்திலிருந்து உல்லாசப் பிரயாணம் வருகிறவர்களின் கதை 1946-ல் ஓ'டானல் பெயரில் வந்தது. இரண்டு பெயர்களும் ஆண் பெயர்கள் என்பதைக் கவனித்தீர்களா?

புனைபெயர் இல்லாதபோது? பெரும்பாலும் 'ஹென்றி கட்னர்' என்று போட்டார்கள். அவருக்குக் கிடைத்த சன்மான விகிதம் அவளுடையதைவிடச் சற்று அதிகம்! குடும்பத்துக்கு வரும் பணம் ஒரே பெட்டியில்தானே விழுகிறது, யார் பெயரில் வந்தால் என்ன? நியாயமான கணக்குத்தான். நீங்களும் நானும் அந்த வீட்டில் இருந்திருந்தால் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்போம். ஆனால் பணம் செலவாகிவிடும், பெயர் நின்றுவிடும். அந்த உல்லாசப் பிரயாணக் கதையில் பெரும்பகுதி, ஒருவேளை முழுவதுமே, காதரினுடைய கை என்று இன்று பலர் கருதுகிறார்கள். இதைத் துப்புத் துலக்கித்தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது!

1958-ம் வருஷம் பிப்ரவரி மாதம் கட்னர் மாரடைப்பால் காலமானார். வயது 42. அவர் நடத்திவந்த எழுத்துப் பயிற்சி வகுப்பைக் காதரின் தொடர்ந்து நடத்தினாள். டெலிவிஷன் தொடர்களுக்குச் சில காலம் வசனம் எழுதினாள். 1963-ல் மறுமணம் செய்துகொண்டாள். அதன் பின் எழுத்தே இல்லை. பழைய மாதிரிக் கதை ஒன்றுகூட அவளிடமிருந்து வரவில்லை. 1981-ல் வாழ்நாள் சாதனைக்காக 'உலகக் கற்பனை இலக்கிய விருது' அளித்தார்கள். 1987-ல் அந்த அம்மாள் மறைந்தார்.

கணவரைச் சந்திப்பதற்கு முன்பே தனியாக எழுதிப் பேர் வாங்கியவர்தான் அவர். கை மறந்துபோகவில்லை. டைப்ரைட்டரில் பாதி வரியை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு ஜோடியையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் தேசத்தவர்கள், மாய் ஷோவால், பேர் வாலோ. இருவரும் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள். சட்டப்படி கல்யாணம் பதிவு செய்துகொள்ளவில்லையே தவிர, ஒரே வீட்டில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பம் நடத்தினார்கள். மார்ட்டின் பெக் என்ற ஸ்டாக்ஹோம் போலீஸ் அதிகாரியை வைத்துப் பத்தே நாவல்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயம் என்று ஆரம்பத்திலேயே திட்டம் போட்டுக்கொண்டார்கள். எப்போது எழுதினார்கள் என்கிறீர்கள்? குழந்தைகள் தூங்கிய பிறகு! ராத்திரியில் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்; அவர் ஓர் அத்தியாயம், இவள் ஓர் அத்தியாயம். இருவரில் ஒருவருடைய நடையாகவும் இல்லாமல், எல்லோருக்கும் புரியும் ஒரு பொது நடையை உண்டாக்கிக்கொண்டார்கள். 1965-ல் முதல் புத்தகம், 1975-ல் பத்தாவது. அந்த வருஷமே வாலோ காலமாகிவிட்டார். ஷோவால் 2020 வரை இருந்தார். மொழிபெயர்ப்பு வேலைகள் செய்தார். பதினோராவது மார்ட்டின் பெக் கதையை மட்டும் அவர் எழுதவே இல்லை.

இரண்டு வீட்டிலும் துக்கம் ஒன்றுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்வீடன் நாவல்களின் அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று எந்த வாசகரும் ஆராய வேண்டியதில்லை. அமெரிக்கத் தம்பதியின் கதைகளில் மனைவியின் பங்கைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள்.

சேர்ந்து செய்கிற காரியத்தில் 'இது என்னுடையது, அது உன்னுடையது' என்று கோடு கிழித்தால் காரியம் நடக்காது. கதைக்கும் அப்படித்தான், குடித்தனத்துக்கும் அப்படித்தான். காதரினும் கட்னரும் கோடு கிழிக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு நல்ல கதைகள் கிடைத்தன. ஆனால் வீட்டுக்குள் கோடு இல்லாமல் இருப்பது வேறு. வாசலில் ஒரே பெயர்ப் பலகை மாட்டுவது வேறு. உள்ளே இருப்பவர்களுக்கு உண்மை தெரியும். தெருவில் போகிறவர் பலகையைத்தானே படிப்பார்?

உங்களில் யாராவது கணவரோடு சேர்ந்து கதை எழுத உட்கார்ந்தால் - உட்காருங்கள், குழந்தைகள் தூங்கிய பிறகு நேரம் இருக்கிறது - யார் எவ்வளவு எழுதினீர்கள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பத்திரிகைக்கு அனுப்பும்போது மட்டும் கடைசித் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு முதல் ஒத்திகையாக, அடுத்த தடவை அந்த விருந்தாளி வரும்போது ரயில் கதையைச் சமையலறையிலிருந்து திருத்தாமல், கூடத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொல்லுங்கள். காப்பி? அன்றைக்கு ஒருநாள் அவர் கலக்கட்டுமே!