புகையிலைப் பழக்கமும் விடுமுறை ஆராய்ச்சியும்

கோடை விடுமுறை வந்தால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஊர்த் திருவிழாவும் கல்யாண வீடுகளுமே நினைவுக்கு வருகின்றன. மேனாடுகளில் பட்டப் படிப்பு மாணவர் பலர் அந்த இரண்டு மாதங்களை ஆராய்ச்சிசாலையில் கழிப்பது வழக்கம். அவர்கள் எடுத்துக்கொள்ளும் விஷயங்களில் ஒன்று, புகையிலையிலுள்ள நிகோடின் நரம்பணுக்களின் பின்னலை என்ன செய்கிறது என்பது. மறையூரில் கரும்பு வெட்டிவிட்டு வந்து, வெல்லக் கொப்பரையின் முன் நின்றபடி புகையிலையை அதக்கிக்கொள்ளும் தொழிலாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு.

நுண்ணிய மின்முனைகள் பதித்த கண்ணாடித் தட்டில் எலியின் நரம்பணுக்களை வளர்க்கிறார்கள். சில வாரங்களில் அவை தாமாகவே கிளைவிட்டு, ஒன்றோடொன்று பின்னி, மின் துடிப்புகளைப் பரிமாறத் தொடங்குகின்றன. பிறகு நிகோடினைச் சிறிது சேர்த்து, துடிப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று எண்ணுகிறார்கள். வேலை பொறுமையானது, பட்டம் பெறாத மாணவனாலும் செய்யக்கூடியது.

நரம்பணுக்கள் சேதி சொல்லிக்கொள்ளப் பயன்படும் இரசாயனங்களில் ஒன்று அசிட்டைல்கோலின். அதற்கென அணுக்களில் வாயில்கள் உண்டு. நிகோடின் கள்ளச்சாவி போல் அந்த வாயில்களைத் திறந்துவிடுகிறது. இழுத்த புகையிலிருந்து 10, 20 விநாடிகளில் அது மூளையை எட்டிவிடும். டோப்பமைன் சுரக்கிறது, மனத்துக்குத் தெம்பு வந்ததுபோல் இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பத் திறக்கப்படும் வாயில்கள் மரத்துப்போகின்றன. மூளை ஈடுகட்ட மேலும் வாயில்களை வைக்கிறது. இரத்தத்திலுள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைய, அத்தனை வாயில்களும் பசித்து நிற்கின்றன. எரிச்சலும், வேலையில் மனம் ஒட்டாமையும் அதனால்தான். இராத்திரி முழுதும் ஓய்ந்த பிறகு காலையில் போடும் முதல் பீடி மட்டும் அத்தனை ருசிப்பதும் அதனால்தான்.

1828இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நிகோடினைப் பிரித்தெடுத்த பாஸெல்ட், ரைமான் இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்களே. 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி, அணுக்களில் மருந்தை ஏற்கும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று கூறியதும் நிகோடினை வைத்துச் செய்த சோதனையிலிருந்துதான். யாழ்ப்பாணப் புகையிலையை விரும்பி வாங்கிய மலையாள நாட்டில் அன்று இதையெல்லாம் யார் கண்டார்கள்!

"மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்று தொழிலாளியைக் கடிந்துகொள்வது எளிது. மூளையின் அமைப்பே மாறியிருக்கும்போது வெறும் வைராக்கியத்தை மட்டும் நம்பச் சொல்வது நியாயமல்ல. 2016-17 அகில இந்தியக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 20 சதவீதமும் கேரளத்தில் 12.7 சதவீதமும் புகையிலை உபயோகிப்பது தெரிந்தது. 1999இல் பொது இடங்களில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் தடுத்தது. 2012இல் குட்காவும் தடையாயிற்று. தடை போடுவதில் காட்டிய முனைப்பு, விட விரும்புகிறவனுக்குக் கை கொடுப்பதிலும் வேண்டும். நிகோடின் அளவைப் படிப்படியாகக் குறைக்க உதவும் மெல்லும் பசையும் பட்டியும் 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அவை மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைக்குக் கிடைக்க வேண்டும்; தமிழில் எடுத்துச் சொல்ல ஆளும் வேண்டும். அதுவரை 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையாவது தோட்டத்து மஸ்டர் ஆபீசிலும் கரும்பாலைகளிலும் எழுதி ஒட்டலாம்.

பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். இளம் மூளையில் இந்த மாறுதல் ஆழமாகப் பதிவதால், பெற்றோர் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கலாகாது.

உடுமலைப்பேட்டைக்கும் கோவைக்கும் விஞ்ஞானம் படிக்கப் போகும் இந்த மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சேதி. பெங்களூர், டில்லி, அலகாபாத் நகரங்களில் உள்ள மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து, இளநிலை மாணவருக்குக் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குகின்றன. பயணப்படியும் உண்டு. விண்ணப்பம் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே போய்ச் சேர வேண்டும். தீபாவளிக்கு ஊர் வரும்போதே ஆசிரியரின் சிபாரிசுக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.