வெந்நீரும் பொது மீட்டரும்

மார்கழிக் குளிரோடு திருமுல்கேரியின் ஒண்டுக் குடித்தனங்களுக்குச் சண்டையும் வந்துவிடுகிறது. நாலு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர். யார் எவ்வளவு நேரம் ஹீட்டர் போட்டார் என்பதற்குக் கணக்கில்லை. பில் வந்ததும் பேச்சு தடிக்கிறது. வீட்டுக்காரரோ ஹீட்டரே கூடாது என்கிறார்.

1,500 வாட் கம்பி ஹீட்டர் 40 நிமிடம் எரிந்தால் 1 யூனிட். நாலு குடித்தனமும் தினம் ஒரு முறை போட்டால் மாதம் 120 யூனிட். உபயோகம் கூடினால் யூனிட் விலையும் ஏறுகிறது. சிக்கனமாக இருப்பவரும் சேர்ந்து தண்டம் அழுகிறார்.

பணத்தைவிட உயிர் பெரிது. 2,000 வாட் அறை ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பிளக்கில் செருகினால் ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். தடை விதித்தால் திருட்டுத்தனமாக அந்தப் பிளக்கில்தான் செருகுவார்கள்.

ஆகவே, வீட்டுக்காரர்கள் குடித்தனத்துக்கு ஒரு சப் மீட்டரும், எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கும் வைக்கட்டும். குடியிருப்போர் முறை வைத்துக்கொள்ளட்டும். நாலும் ஒரே நேரத்தில் எரிந்தால் பழைய ஒயரிங் தாங்காது. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் வாளியைத் தொடவும் கூடாது.

பிழைக்க வந்த ஊரில் பக்கத்துக் குடித்தனமே உறவு. ஒரு வாளி வெந்நீருக்காக அதைக் கெடுத்துக்கொள்ளலாமா?