மரமும் இரும்பும் போட்ட விளையாட்டுத் துவக்கு

பிள்ளைகளின் போன்களில் இப்போது ஒரு வகை வீடியோ ஓடுகிறது. பிளாஸ்டிக் விளையாட்டுத் துவக்கு ஒன்றை மேசையில் வைத்து, ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, பிளாஸ்டிக் பாகங்களை ஒதுக்கிவிட்டு, உருக்கு உடலும் அசல் மரப் பிடியும் பூட்டி ஏகே-47 ஆக்கிவிடுகிறார்கள். எயார்சொப்ட் என்று பெயர். தரம் 9, 10 பிள்ளைகள் இடைவேளையில் கிரிக்கெட்டைப் போல இதைப் பேசுகிறார்கள். "நம்மட ஊரிலயும் செய்யலாம் சேர்" என்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது லேசான வேலையில்லை. மரப் பிடி ஒரே தடவையில் பொருந்தாது. உடலுக்குள் போகும் நுனியை நூல் நூலாகச் சீவி, வைத்துப் பார்த்து, திரும்பச் சீவ வேண்டும். பெற்றரி வயர் போவதற்கு மரம் பிளக்காமல் உள்ளே குடைய வேண்டும். பழைய வார்னிஷைச் சுரண்டி, முரட்டு சாண்ட் பேப்பரில் தொடங்கி நைசுக்கு வந்து, மரத்தின் ரேகை போகும் பக்கமாகவே தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். நம்மூர் ஓடாவிமார் பார்த்தால் தலையாட்டுவார்கள். இவ்வளவு பொறுமை ஒரு பிள்ளையின் கையில் இருந்தால் அதைத் திட்டுகிற வாத்தியார் நானில்லை.

ஆனால் இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? அந்தத் துவக்குக்குள் இருப்பது ஒரு மோட்டர், கியர், பிஸ்டன், ஸ்பிரிங். கியர் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விட, அது முன்னுக்குப் பாய்ந்து தள்ளும் காற்று 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் உருண்டையை வெளியே அனுப்புகிறது. குறி சரியாக விழுவது உள்ளே இருக்கும் பித்தளைக் குழாயாலும், உருண்டையைச் சுழற்றிவிடும் சின்ன ரப்பர் துண்டாலும்தான். வெளியில் பூட்டுகிற மரத்தாலும் உருக்காலும் உருண்டை ஒரு சாண் கூடுதலாகப் போகாது. ஆட்டம் கொஞ்சம் குறையும், பாரம் கூடும். மற்றதெல்லாம் பார்வைக்கு. பார்க்கிறவன் அசல் என்று நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

என் பிரச்சினை அந்த இடத்தில்தான்.

இந்த விளையாட்டு பிறந்த ஜப்பானில் சாதாரண ஆளுக்குத் துவக்கு கிடைப்பது மிகக் கஷ்டம். அங்கே உலோகத்தில் மாதிரிக் கைத்துப்பாக்கி செய்து விற்றார்கள். அது அசல் போலவே இருந்ததால் 1971 இல் சட்டம் போட்டார்கள்: உலோகக் கைத்துப்பாக்கி மாதிரி என்றால் குழாயை அடைக்க வேண்டும், வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும். 2006 இல் எயார்சொப்ட் துவக்குகளின் வேகத்துக்கும் எல்லை வைத்தார்கள். 6 மில்லிமீற்றர் உருண்டைக்கு ஏறத்தாழ 0.98 ஜூல். அந்தக் குறைந்த வேகமும் கண்ணைக் குருடாக்கப் போதும் என்பதால் விளையாடுகிறவர்கள் கண்ணாடி இல்லாமல் களத்துக்கு இறங்குவதில்லை. நம்மூரில் பெருநாள் துவக்கோடு கண்ணாடி வாங்கிக் கொடுக்கும் வாப்பாவை நான் இன்னும் காணவில்லை.

அமெரிக்காவில் 1988 இல் வந்த சட்டம், விளையாட்டுத் துவக்கின் முனையில் செம்மஞ்சள் அடையாளம் இருக்க வேண்டும் என்றது. 2013 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில் அன்டி லோபஸ் என்ற 13 வயதுப் பிள்ளை, ஏகே-47 போன்ற எயார்சொப்ட் துவக்கோடு வீதியால் நடந்து போனான். முனையில் செம்மஞ்சள் இல்லை. அசல் என்று நினைத்த ஷெரிப் அதிகாரி சுட்டார். பிள்ளை இறந்தான். அடுத்த வருடம் கிளீவ்லண்டில் தமீர் ரைஸ், வயது 12. அவன் வைத்திருந்த எயார்சொப்ட் கைத்துப்பாக்கியிலும் அந்த நிறம் இல்லை. பொலிஸ் வாகனம் வந்து இரண்டு செக்கனுக்குள் சூடு விழுந்தது. லோபஸின் கையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக். மரமும் உருக்கும் பூட்டியிருக்கவில்லை.

நம்மூருக்கு வருவோம். முப்பது வருட யுத்தத்தில் செக் பொயின்டுகளைக் கடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை நாங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த சோதனைகளில் வீட்டிலிருந்த கத்திக்கும் விளக்கம் சொல்ல நேர்ந்தவர்கள். அப்படியான ஊரில் ஒரு முஸ்லிம் பிள்ளையின் அலுமாரிக்குள் உருக்கு உடலும் எண்ணெய் பூசிய மரப் பிடியுமாக ஒரு ஏகே-47 இருந்தால், அது சுடுவது பிளாஸ்டிக் உருண்டை என்பதை யார் யாருக்கு, எந்த நேரத்தில் விளங்கப்படுத்துவது? அந்த வாப்பா எத்தனை நாள் பொலிஸுக்கு அலைவார்?

கூடப்பிறந்த சகோதரனாக இருந்தாலும் அவனை நோக்கி இரும்பை நீட்டிக் காட்டாதே என்பது நபியவர்களின் போதனை. விளையாட்டுக்கும் விலக்கு இல்லை. அதை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, பெருநாள் கடையில் மறந்துவிடுகிறோம்.

வாங்கிக் கொடுத்தவர்கள் இன்றைக்கே ஒன்று பாருங்கள். முனையில் நிறம் இருக்கிறதா, பிள்ளை அதைச் சுரண்டியிருக்கிறானா என்று. சுரண்டியிருந்தால் திரும்பப் பூசுங்கள், அல்லது உடைத்துப் போடுங்கள்.

அந்தக் கைவேலை ஆசையை மட்டும் உடைத்துவிடாதீர்கள். சாதாரண தரத்தில் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் என்று ஒரு பாடம் இருக்கிறது. "படிப்பு வராத பிள்ளை எடுப்பது" என்று பெற்றோர் ஒதுக்கிவிடுகிறார்கள். துவக்குப் பிடியைச் சீவுகிற அதே கையால் சீவுளிக்குக் கைப்பிடி செய்யலாம், ரெஹால் செய்யலாம். செய்ய விரும்புகிற பிள்ளைகள் என்னிடம் வரட்டும். தேக்குத் துண்டுகள் வீட்டில் கிடக்கின்றன. சாண்ட் பேப்பர் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.