நெய்வேலி: ஷிஃப்ட்டுக்கு பஸ் உண்டு, ஊருக்கு?

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் போயிடுச்சா?" நெய்வேலி குவாட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் காலைக் கடிகாரம். சுரங்கத்துக்காகப் பிறந்த ஊர் இது. போக்குவரத்தும் சுரங்கத்தின் கணக்கில்தான் வளர்ந்தது. அந்தக் கணக்கு இன்றைக்கும் சரிவருமா?

எப்படித் தொடங்கியது?

1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டு பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-ல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. பிளாக் பிளாக்காகப் பிரித்து, அகலமான சாலை போட்டு, மரம் நட்டு டவுன்ஷிப் கட்டினார்கள். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு நிறுவன பஸ். மற்ற வேலைகளுக்கு சைக்கிள். அப்போது அது போதுமானதாக இருந்தது.

அரசு பஸ் எங்கே வருகிறது?

1975-ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் பெயர் மாறி, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமானது. ஆனாலும் சென்னை - கும்பகோணம் சாலையில் வருகிற வெளியூர்க்காரருக்கு நெய்வேலி என்றால் ஆர்ச் கேட்தான். அங்கே இறங்கியதும் அடுத்த கேள்வி, "பிளாக்குக்கு எப்படிப் போறது?" கையில் பைக் இல்லாவிட்டால் ஆட்டோதான்.

யாருக்குச் சிக்கல்?

ரிட்டயர் ஆனதும் குவாட்டர்ஸைக் காலி செய்யணும். பலர் இந்திரா நகர் போன்ற பக்கத்துப் பகுதிகளில் வீடு கட்டிக் குடியேறுகிறார்கள். வீட்டோடு சேர்ந்து ஷிஃப்ட் பஸ்ஸும் போய்விடுகிறது. ஆஸ்பத்திரி, மார்க்கெட், பழைய சிநேகிதர்கள் எல்லாம் டவுன்ஷிப்புக்குள்ளேயே இருக்கிறார்கள். முழங்கால் வலிக்கிற வயதில் ஸ்கூட்டரை எவ்வளவு நாள் ஓட்ட முடியும்?

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதே கதைதான். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. நல்ல திட்டம். ஆனால், வேலை முடிகிற நேரத்துக்கு பஸ் இல்லையென்றால் இலவச டிக்கெட்டை வைத்து என்ன செய்வது?

என்ன செய்யலாம்?

உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே, 2017-ல், நெய்வேலி - சென்னை விமானம் அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஊரில் விமான நிலையம் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. பேசட்டும். ஆனால், தினமும் தேவைப்படுவது அதைவிடச் சின்ன விஷயம். ஆர்ச் கேட், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, மந்தாரக்குப்பம், இந்திரா நகர் ஆகியவற்றை இணைத்துச் சுற்றி வரும் சிறிய பஸ்கள் வேண்டும். மூன்று ஷிஃப்ட் நேரத்தையும் ஒட்டிய கால அட்டவணை வேண்டும். 2025-ல் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் இதற்கு வழி தேடலாம். போக்குவரத்துக் கழகம், மாவட்ட நிர்வாகம், டவுன்ஷிப் நிர்வாகம் மூன்றும் ஒரே மேசையில் உட்காரணும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கே மின்சாரம் கொடுத்த ஊர் இது. அங்கே ரிட்டயர் ஆன ஒருவர் ஆஸ்பத்திரி போக பக்கத்து வீட்டுப் பையனின் பைக்குக்காகக் காத்திருக்கக் கூடாது.